வண்டியோடு வரைந்த படம்

உயிரோடு இருக்கும் அப்பாவின் படத்துக்கு மாலை போட்டு, சீரியல் பல்பும் சுற்றிக் கடைக்குள் மாட்டியிருந்தால் எந்தப் பெண்ணுக்குத்தான் நெஞ்சு நிற்காது?

அமலாவுக்கு நின்றது. விழுப்புரம் ஜவுளிக்கடையில் வேலை முடிந்து திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியவள், மழைக்கு ஒதுங்கியது ஒரு போட்டோ பிரேம் கடையில். நிமிர்ந்தால்... அப்பா. மூன்று சக்கர வண்டியில் வேகவைத்த வேர்க்கடலையை 'மல்லாட்டை' என்று கூவி விற்கும் சவுரிராயன். காலையில் கையாட்டி அவளை பஸ் ஏற்றிவிட்ட அதே அப்பா!

உடனே அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"இன்னாம்மா? நனையாம வா... மல்லாட்டை சூடா இருக்குது."

போன உயிர் திரும்பியது. கூடவே கோபமும்.

"யாருங்க வரைஞ்சது இத?"

"நான்தாங்க..." மூலையில் ஒருவன். விரலெல்லாம் கரி. "ஆனா மாலை நான் போடலைங்க. கண்ணாடி போடத்தான் குடுத்தேன்."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "கருப்பா வரைஞ்சி குடுத்தா செத்தவங்கன்னுதான தம்பி நெனைப்போம்? கைப்பழக்கம்..."

அவன் பெயர் இனியவன். விழுப்புரத்துக்காரன், திண்டிவனம் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். அவசரமாகச் செல்போனை நீட்டினான். சக்கர வண்டியில் தானே தன்னைத் தள்ளிக்கொண்டு போகும் ஒரு மனிதனின் கருப்பு ஓவியம்.

"ஸ்பெயின்காரர், கோயா. வயசாகி, காது கேக்காம, ஊர விட்டு வந்து வேற நாட்ல இருந்தப்ப, தெருவுல பாத்தவங்கள கிரேயான்ல வரைஞ்சாரு. இத பாத்ததும், தெனம் பஸ் ஸ்டாண்டுல பாக்கற உங்க அப்பா ஞாபகம்..."

பயந்துபோன பெரிய கண்கள் அவனுக்கு. அவை அழகாக இருப்பதாக அந்த நேரத்தில் தோன்றியதே அமலாவுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. அப்பாவின் படத்தில் வண்டி இருந்தது. முழங்காலுக்கு மேலே மடித்துச் சொருகிய லுங்கியும் இருந்தது. லாரி மோதி இரண்டு காலும் போனதிலிருந்து அப்பாவை மார்பு வரைக்கும்தான் போட்டோ எடுக்க வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம்.

"எங்கப்பா வேடிக்கையா உங்களுக்கு? கிழிச்சிப் போடுங்க!"

அவன் எதையோ சொல்ல வந்து... விழுங்கிவிட்டான். "சரிங்க."

அதன்பிறகும் தினமும் காலையில் அவன் பஸ் உள்ளே நுழையும், அவள் பஸ் வெளியே கிளம்பும். ஒருநாள் அவள் பஸ் தாமதம். அப்பாவின் வண்டியருகே பொட்டலத்தோடு அவன்.

"முறைக்காதீங்க... மல்லாட்டை தொண்டைல சிக்குது."

"சிக்கட்டும்!"

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. வீம்பு அப்படி.

ஐப்பசி மழையில் நனைந்து அப்பா காய்ச்சலில் விழுந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கக் கேட்டார்.

"அந்த வாத்தியாரு படம் குடுத்தாராம்மா? நான்தான் வரையச் சொன்னேன், உன்கிட்ட சொல்லாம திடீர்னு குடுக்கலாம்னு. வண்டியோட... காலு இல்லாததயும் சேத்து. நீ எடுக்கற போட்டோல எல்லாம் நான் பாதி ஆளாத்தான இருக்கேன்?"

மறுநாள் அவர் இல்லை.

அழுது தீரவில்லை அவளுக்கு. அப்பாவைப் பாதியாக வெட்டியது லாரி மட்டுமா? தானும்தானே? இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாளுக்கு ஊரே கல்லறைகளில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தது. அப்பாவின் கல்லறையில் வைக்க அந்தப் பாதிப் படங்கள்தான் இருந்தன.

திருநாளுக்கு முதல் நாள் தன் பஸ்ஸைப் போகவிட்டு, தூறலில் அவன் பஸ்ஸுக்காக நின்றாள்.

இறங்கினான். அவளைக் கண்டு அப்படியே நின்றான்.

"அந்தப் படம்... கிழிச்சிட்டீங்களா?" என்றாள்.

பையைத் திறந்தான். பாலிதீன் கவருக்குள், நனையாமல், அப்பா.

"சரின்னு சொன்னேன். கை வரலைங்க... கூடவே வெச்சிக்கினு சுத்தறேன்."

அன்றைக்குச் சரியாகப் பார்க்கவே இல்லை அவள். வண்டி, சக்கரம், மல்லாட்டைக் கூடை, இல்லாத கால்கள்... எல்லாவற்றுக்கும் மேலே, முகம் கொள்ளாத சிரிப்பு.

"யார பாத்து இப்டி சிரிக்கிறாரு?"

"உங்களத்தான். உங்க பஸ் கிளம்பறப்ப மட்டுந்தான் அந்தச் சிரிப்பு வரும். அத வரையத்தான் தெனம் காத்துக்கினு நின்னேன்..." தலையைக் குனிந்துகொண்டான். "படம் முடிஞ்சிடுச்சி. ஆனா உங்க பஸ்ஸுக்காக நிக்கறத விட முடியலைங்க."

மழையா கண்ணீரா, அவளுக்கே தெரியவில்லை. படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் கல்லறைக்கு வர்றீங்களா? அப்பாவுக்கு மாலை போடணும்."

"நான்... போடலாமா?"

"அன்னிக்கு கடைக்காரர் போட்டது சேராது," என்றாள் அமலா, அவன் கண்களை நேராகப் பார்த்து. "வீட்டு ஆளு போட்டாதான் மாலை."