காவேரியின் பெயரில் இரண்டு வரிகள்

எழிலரசன் மடிக்கணினியைத் திறந்து மேஜையில் வைத்தார். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியொன்றில் அவர் பணியாளர் பிரிவு அதிகாரி. நேற்றுக் காலை ஷிப்டில் பிரஸ் மெஷினில் ஒரு பெண்ணின் கை நசுங்கிவிட்டது. அவளுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை.

“கார்டுல காவேரின்னு இருக்கு மேடம், ஊர் பென்னலூர். எட்டு மாசமா அதே மெஷின்லதான் வேலை. ஆனா எக்செல்ல அவ நம்பருக்கு ரெண்டு வரி இருக்கு. ஆஸ்பத்திரிக்கு விவரம் அனுப்பணும். எதை அழிக்கிறது?”

ஸ்ரீபெரும்புதூரில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் செங்கமலம் இரண்டு வரிகளையும் நிதானமாகப் படித்தார். எல்லாம் ஒன்றுதான், பாதுகாப்பு ஷூவைத் தவிர. எட்டு மாதத்துக்கு முன் கொடுத்தது நான்காம் அளவு. பத்து நாளைக்கு முன் கொடுத்தது ஏழு.

“இன்னா மேடம் இதுல, டைப் பண்ணவன் தூங்கிகினே அடிச்சிருப்பான்,” என்றார் உதவியாளர் சாம்சன். அவருக்கு எதற்கும் ஒரு பதில் தயாராக இருக்கும்.

“ஆஸ்பத்திரியில யார் இருக்காங்க?” என்று கேட்டார் செங்கமலம்.

“அம்மா கோவிந்தம்மா மட்டும்தான். வீட்டுக்காரர் மண்ணூர்ல ஒரு கம்பெனியில இருக்கார். இன்னைக்கும் ஷிப்டுக்குப் போயிட்டாராம்.”

செங்கமலம் எழுந்துகொண்டார். “எதையும் அழிக்காதீங்க.”

மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் கோவிந்தம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நோயாளியின் உடைமைப் பை. செங்கமலம் ஷூவை எடுத்துத் திருப்பினார். ஏழு.

“வளர்ந்த பொண்ணுக்கு எட்டு மாசத்துல கால் மூணு அளவு வளராது,” என்றார் மெதுவாக. “பொண்டாட்டி கை போச்சுன்னு தெரிஞ்ச புருஷன் மறுநாள் வேலைக்கும் போக மாட்டான். உங்க பொண்ணு வீட்டுல நல்லா இருக்கா. உள்ள படுத்திருக்கிறது யாரும்மா?”

கோவிந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“காவேரிக்கு அஞ்சு மாசம்மா. தெரிஞ்சா காண்ட்ராக்டர் நிறுத்திடுவான். எங்க வூட்ல வாடகைக்கு கீற சந்தனமாரிகிட்ட கார்டு குடுத்து அனுப்பினோம். மாஸ்க் போட்டுகினு போனா கேட்ல யாரு பாக்கறா?”

“அந்த மெஷின் ஓட்ட அவளுக்கு யார் கத்துக் குடுத்தா?” என்று கேட்டார் எழிலரசன்.

யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. எட்டு மாதம் பழகிய காவேரி என்று நினைத்து சூப்பர்வைசர் அவளை நேராக மெஷினில் நிறுத்தியிருந்தார்.

“சந்தனமாரியோட அம்மாவுக்குத் தெரியுமா?” என்று கேட்டார் செங்கமலம்.

“அவங்க ஊரு தென்காசிப் பக்கம். இன்னும் சொல்லலம்மா. எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

“இப்பச் சொல்லுங்க. அந்தப் பொண்ணு உங்க மக பேர்ல சாகக்கூடாது.” செங்கமலத்துக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கோவிந்தம்மா பையிலிருந்து சந்தனமாரியின் போனை எடுத்து, ‘அம்மா’ என்றிருந்த எண்ணை அழுத்தினார். ஒரே மணியில் எடுத்துவிட்டார்கள்.

“என்னட்டி மாரி, நேத்துப் பூரா போனையே காணோம்? சாப்ட்டியா?”