பல் தடம் பதிந்த குடை

மனித குலம் இரண்டே வகை: வேலை உள்ளவர்கள், அருங்காட்சியகம் போகிறவர்கள். இந்த மாபெரும் உண்மையைத் துப்பறிவாளரின் மைத்துனன் அன்று காலை கண்டுபிடித்தான். உட்கார முடியாமல், கையிலிருந்த கறுப்புக் குடையைச் சுழற்றியபடி அறையை அளந்துகொண்டே அறிவித்தான்.

“பஸ் ஸ்டாப் பக்கத்துல ஒண்ணு இருக்கு, மாமா. ஜனங்க பஸ்ஸுல மறந்துட்டுப் போன குடைக்கு மியூசியம்! ஊரான் குடையைப் போய் நின்னு பார்க்கிறவனுக்கு வீட்டுல பார்க்கச் சுவர் கூடவா இல்ல?”

“உன் குடைக் கைப்பிடிக்கு என்ன ஆச்சு?”

“எலி கடிச்சிருக்கு. ஓசியில வந்தா அப்படித்தான்.”

கதவு தட்டப்பட்டது. குடையைக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டுத் திறந்தான். வந்தவர் அந்த அருங்காட்சியகத்துக்காரரே. ஓய்வு பெற்ற பஸ் நடத்துநர். அவருக்கும் உட்கார முடியவில்லை.

“குடை ஒண்ணு காணோம், சார். நாலு மணிக்கு ஒரு அம்மா வெளியூர்லேருந்து வர்றாங்க. பேப்பர்ல படம் பார்த்து, அது செத்துப்போன அவங்க அப்பா குடைன்னு கண்டுபிடிச்சாங்க. அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?”

“கடைசியா எங்கே வெச்சீங்க?”

“நேத்து துடைக்கலாம்னு வாசல் பெஞ்சுல சாய்ச்சுட்டுத் துணி எடுக்க உள்ளே போனேன். அப்புறம் காணோம்.”

“வாசல்ல யாரு இருந்தா?”

“மழைக்கு ஒதுங்கின ஒரு பையன். பாவம், அவன் திருடன் இல்ல. பஸ்ஸைப் பார்த்ததும் தன் குடையையே மறந்துட்டு ஓடினான். நான்தான் பின்னாடியே ஓடி, ஜன்னல் வழியா அவன் கையில திணிச்சேன்.”

மைத்துனனுக்குத் திடீரென்று ஜன்னலுக்கு வெளியே பார்க்க வேண்டிய வேலை வந்துவிட்டது.

“பையன் எப்படி இருந்தான்?”

“தொப்பலா நனைஞ்சிருந்தான். முகம் தெரியல, என் கண்ணாடியெல்லாம் சாரல்.”

“பெஞ்சுலேருந்து எடுத்தப்போ குடை?”

“அது காய்ஞ்சு...” நடத்துநரின் வாய் திறந்தபடியே நின்றது.

“குடை இருக்கிறவன் ஏன் தொப்பலா நனையணும்? நனைஞ்சு வந்தவன் குடை எப்படிக் காய்ஞ்சிருக்கும்?” என்றார் துப்பறிவாளர். “எவன் எதை விட்டுட்டு இறங்கினாலும் துரத்திப் போய்க் கொடுத்தே பழகின கை உங்களோடது. உங்க குடையை நீங்களே பஸ் ஏத்தி அனுப்பிட்டீங்க.”

நடத்துநர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அந்தப் பையனை எங்கேன்னு தேடுவேன்? கைப்பிடியில சின்னப் பல் தடம் இருக்கும், சார். அந்த அம்மா கைக்குழந்தையா இருந்தப்போ கடிச்சதாம்.”

“மாப்ளே,” என்றார் துப்பறிவாளர், தலையைத் திருப்பாமல். “அந்த எலியைக் கொஞ்சம் எடுத்துட்டு வா.”

நாலு மணிக்கு அந்த அம்மாள் அருங்காட்சியகத்துக்கு வந்தார். கைப்பிடியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். “கடிச்சதுக்கு அப்பா திட்டவே இல்லையாம்,” என்றார்.

குடையைக் கொடுத்த கையோடு கிளம்பிவிடுவதாகச் சொல்லியிருந்த மைத்துனன் வாசலில் இல்லை. உள்ளே, ஒரு பச்சைக் குடையின் முன் கைகட்டி நின்று, அதில் தொங்கிய அட்டையை வாசித்துக்கொண்டிருந்தான்: ‘ஆஸ்பத்திரி நிறுத்தம். கேட்டு யாரும் வரவில்லை.’

வெளியே அவன் பஸ் வந்து நின்றது, போயிற்று. அவன் அடுத்த குடைக்கு நகர்ந்தான்.