இருகையனும் ஒற்றைத் தும்மலும்

குழந்தைக்குப் பெயர் சூட்டுவதற்கு முன் இருகையன் ஊசி போட்டாக வேண்டும். மாமன் வெள்ளி அரைஞாண் கட்டியதும் அடுத்த சடங்கு அதுதான். அந்த ஊசி வந்தபின் ரத்தப் புற்று பழைய திரைப்படங்களில் மட்டுமே இருந்தது. கதாநாயகி ஏன் கைக்குட்டையில் ரத்தம் துப்புகிறாள் என்று பிள்ளைகள் கேட்டால், வெற்றிலை போட்டிருப்பாள் என்று பெற்றோர் சொல்லிச் சமாளித்தார்கள்.

இருகையன் ஓர் எதிர்ப்புரதம். ஒரு கையால் புற்றணுவைப் பிடிக்கும். மறு கையால் உடலின் கொல்லணுவை இழுத்து வந்து காட்டிக்கொடுக்கும். ஆயுள் முழுக்க உள்ளேயே ஊறும். எந்த அணுக்களைத் தொடக் கூடாது என்பதற்கு அதனிடம் ஒரு பட்டியல் உண்டு. ஆரோக்கியமான பன்னிரண்டு பேரின் ரத்தத்தை 'முகமறி' என்ற இயந்திரத்தில் விட்டு எடுத்த, நல்ல அணுக்களின் முகப் பட்டியல்.

உருவாக்கியவர் கோவை வர்ஷினி. அந்தக் காலத்துப் பெயர், வயது அறுபத்தாறு. பன்னிரண்டாவது கொடையாளியாகப் புகழ்பெற்றவர் அவருடைய ஆய்வக உதவியாளர் மிதுன்ராஜ். பெயர்சூட்டு விழாக்களில் குழந்தைக்கு ஊசி போட்ட இடத்தைத் தொடச் சொல்லி அவரைக் கூப்பிடுவார்கள். அவரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போய்வருவார்.

சென்ற தை மாதம் வர்ஷினிக்கு ரத்தப் புற்று வந்தது. அடுத்த மாதம், வெவ்வேறு நாடுகளில், இன்னும் ஒன்பது பேருக்கு. இருகையன்கள் நலமாகத்தான் இருந்தன. அந்த ஒரு வகைப் புற்றணுவைக் கண்டால் மட்டும் மரியாதையாக வழிவிட்டன. அதன் முகம் பட்டியலில் இருந்தது.

ஆய்வகத் தலைவர் ஆதிரன் மருத்துவமனைக்கு வந்தார். கட்டிலருகே மிதுன்ராஜ் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார்.

"பன்னிரண்டு பேரையும் மறுபடி சோதிச்சாச்சு மேடம். மிதுன் அண்ணனை மூணு தடவை. எல்லாம் சுத்தம். நல்ல ரத்தத்துல இருந்து வந்த முகம்னா அதைப் பட்டியல்ல இருந்து எடுக்க முடியாது. எடுத்தா நல்ல அணுவையே அடிச்சிரும். ஒரு நாளைக்கு மூன்றரை லட்சம் குழந்தைங்களுக்கு ஊசி போகுது. எங்கிருந்து வந்துச்சு இது?"

வர்ஷினி சுவரைப் பார்த்தபடி சொன்னார். "அது மிதுன் ரத்தம் இல்லப்பா. என்னோடது."

முப்பத்தோரு ஆண்டுகளுக்கு முன் மிதுன்ராஜ் கையை நீட்டி உட்கார்ந்திருந்தார். வர்ஷினி ஊசியை எடுத்தார். மிதுன்ராஜ் தும்மினார். ஒரே ஒரு தும்மல்.

அறிவியலாளர்கள் சகுனம் பார்ப்பதில்லை. ஒற்றைத் தும்மல் விழுந்தால் 'சளித் தொற்று இருக்கலாம்' என்பார்கள். இரண்டாவதும் விழுந்துவிட்டால் தொற்று இல்லை. முகமறியை அன்று மாலைக்குள் ஓட்டியாக வேண்டும். வர்ஷினி தன் நரம்பிலேயே குத்தி எடுத்தார். ஆய்வாளரே கொடையாளியாக இருக்கக் கூடாது என்பது விதி. ஆகவே குப்பியில் மிதுன்ராஜ் பெயரை ஒட்டினார். வர்ஷினியின் ரத்தத்தில் அப்போதே நாலைந்து அணுக்கள் முகம் திரிந்து பதுங்கியிருந்தன. முகமறி அவற்றையும் நல்லவர்களாக எழுதிக்கொண்டது.

"நீங்களாவது சொல்லியிருக்கலாமேண்ணா?" என்றார் ஆதிரன்.

"கூப்பிட்டாங்க, போனனுங்க. பந்தியில மொத எலை போட்டாங்க. அப்புறம் எங்கீங்க சொல்றது?" மிதுன்ராஜ் சாத்துக்குடியைப் பார்த்தே பேசினார். "ஏனுங்க மேடம், அன்னிக்கு மூக்குல நூல விட்டெல்லாம் பார்த்தனுங்க. ரெண்டாவது தும்மல் வரவே இல்லீங்க. பொய்யாவாச்சும் தும்மியிருக்கலாம். அந்த வயசுல அந்தப் புத்தி வரலீங்க."

ஏற்கெனவே ஊசி போட்டவர்களுக்கு வழியில்லை. பழைய இருகையன் புதியதை உள்ளே விடாது. இனிப் பிறப்பவர்களுக்காகப் புதுப் பட்டியல் போடலாம். பதினொரு பேரின் குப்பிகள் அப்படியே இருந்தன. பன்னிரண்டாவது மட்டும் வேண்டும். மிதுன்ராஜுக்கு அறுபது தாண்டிவிட்டதால் ஒரு பேருந்து ஓட்டுநரைப் பிடித்தார்கள்.

வர்ஷினி சக்கர நாற்காலியில் வந்து பார்த்தார். ஓட்டுநர் கையை நீட்டினார். ஆதிரன் ஊசியை எடுத்தார்.

வர்ஷினி தும்மினார். ஒன்று.

ஆதிரனின் கை நின்றது. "மேடத்துக்குச் சளி போல இருக்கு... தொற்று ஏதாவது... நாளைக்கு வச்சுக்கலாமா?"

வர்ஷினி திட்டுவதற்காக வாயைத் திறந்தார். ஆனால் நாளைக்கு எடுத்துக்கொள்ளலாமே என்றுதான் அவருக்கும் தோன்றியது.

மூலையிலிருந்து மிதுன்ராஜ் ஊரே கேட்கும்படி ஒரு தும்மல் போட்டார். சுத்தப் பொய்த் தும்மல்.

"ரெண்டாச்சுங்க. குத்துங்க."

எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். வர்ஷினியும்தான். பிறகே அவருக்கு அழுகை வந்தது.