வலது மூலையில் ஒரு பெட்டி

இணைய வயர் மேசையின் மேல், ஆறிப்போன தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில், சுருண்டு கிடந்தது. மதியம் சாப்பிட்டு எழுந்தவுடனேயே அதைக் கழற்றி வைத்தது றொபினுக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனாலும் திரையின் வலது கீழ் மூலையிலிருந்து ஒரு சிறிய பெட்டி மெல்ல மேலெழுந்து வந்து, நின்றது.

பொப்-அப் பெட்டிகள் அவனுக்குப் புதியவை அல்ல. உரும்பிராயில், வீட்டு விறாந்தையோடு ஒட்டிய இந்த அறையில், இதே கணினியில், பதினான்கு வருடமாக அவன் மரண அறிவித்தல்களையும் முப்பத்தோராம் நாள் நினைவு மலர்களையும் வடிவமைத்துக் கொடுக்கிறான். பரிசு விழுந்துவிட்டது என்று துள்ளும் பெட்டி, கிருமி புகுந்துவிட்டது என்று சிவப்பில் மின்னும் பெட்டி, இந்த இயங்குதளத்துக்கு இனிமேல் பாதுகாப்பு இல்லை என்று மாதம் தவறாமல் நினைவூட்டும் பெட்டி, எல்லாவற்றையும் பார்த்தவன். அவை நிறத்தோடும் சத்தத்தோடும் வரும். இது சத்தமில்லாமல் வந்தது. வெள்ளை. நான்கு பக்கமும் மெல்லிய கறுப்புக் கோடு. இடது மேல் மூலையில் தலை கவிழ்ந்த ஒற்றை லில்லிப் பூ. உள்ளே எழுத்து ஒன்றும் இல்லை.

அந்தக் கோட்டையும் அந்தப் பூவையும் வரைந்தவன் அவன்தான்.

வெளியே கார்த்திகை மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. சிவப்பு மண் ஊறிய வாசமும், கணினியின் விசிறி ஊதித் தள்ளிய சூடான தூசியின் வாசமும் அறைக்குள் ஒன்றாகக் கலந்து நின்றன. குசினியில் எண்ணெய் பொரிந்தது. அதற்கு மேலாக அவன் மனைவி சீலாவின் சிரிப்பு. பிறகு தம்பி றயனின் குரல், தாழ்வாக. பிறகு மறுபடியும் சிரிப்பு.

றொபின் பெட்டியை மறந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தபோது பெட்டி அங்கே இல்லை.

றயன் கொழும்பிலிருந்து வந்து மூன்று மாதம். அண்ணனைவிட எட்டு வயது இளையவன், கலியாணம் கட்டாதவன். பின்னறையில் மெல்லிய மடிக்கணினி ஒன்றை வைத்துக்கொண்டு வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்தான். அவன் வந்த பிறகுதான், சீலாவுக்குச் சத்தம் போட்டுச் சிரிக்கத் தெரியும் என்பது றொபினுக்கு நினைவு வந்தது. இப்போதெல்லாம் கறி கொதிக்கும்போது அவள் அகப்பையை எடுத்துக்கொண்டு பின்னறைக்குத்தான் போகிறாள். "றயன், உப்புப் பாரும்." பத்தொன்பது வருடம் அந்த அகப்பை றொபினின் உள்ளங்கையை நோக்கி வந்தது. எந்த நாளில் அது திசை மாறியது என்று எவ்வளவு யோசித்தும் அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வந்த முதல் கிழமையே றயன் இந்தக் கணினியைத் திறந்து பார்த்துத் தலையை ஆட்டினான்.

"அண்ணை, உது கிழடு. செய்தவங்களே கைவிட்டிட்டாங்கள். உதுக்கு இனி மருந்துமில்லை, டொக்டருமில்லை."

"என்ரை எழுத்துரு உதிலைதான் ஓடும்."

"அப்ப தேவையில்லாத நேரம் வயரைக் கழட்டி வையுங்கோ. பொப்-அப் மறிக்க ஒண்டு போட்டு விடுறன். அதையும் மீறிப் பெட்டி வந்தா, உள்ளுக்கை ஒண்டையும் அமத்தாதேங்கோ. 'வேண்டாம்' எண்டு கிடக்கிறதையும் அமத்தக் கூடாது. உள்ளுக்கை கை வைச்சா, நீங்கள் விருப்பப்பட்டுக் கதவு திறந்து விட்ட மாதிரி."

வாசலில் சாய்ந்து நின்ற சீலா சொன்னாள். "இவர் பழசை விடமாட்டார் றயன். பத்தொன்பது வருசமா என்னையே மாத்தேல்லை."

"மாத்தினா உங்கடை சமையலுக்கு ஆர் மச்சாள் தாக்குப் பிடிக்கிறது?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். றொபினும் சிரித்தான், கொஞ்சம் பிந்தி.

அன்றைக்கு மாலைதான் அவன் அதை முதன்முதலாகச் செய்தான்.

புதிய அறிவித்தலை வெறும் தாளில் தொடங்கும் வழக்கம் அவனுக்கு இல்லை. கடைசியாக இறந்தவரின் கோப்பைத் திறப்பான். பெயரின் மேல் பெயரை அடிப்பான். உறவுகளின் வரிசையில் ஒவ்வொருவராக அழித்து ஒவ்வொருவராக ஏற்றுவான். முன்னமே இறந்தவர்களின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவான். கோடும் பூவும் மாறுவதில்லை. ஒருவர் எழுந்த இடத்தில் இன்னொருவர். அன்றைக்கு முருகேசு வாத்தியாரின் கோப்பு திறந்தே கிடந்தது. குசினியில் சிரிப்புக் கேட்டது. கைகள் தாமாகவே ஓடின.

உரும்பிராயைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட றயன் கனகரட்ணம் இன்று கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அன்னார், காலஞ்சென்றவர்களான கனகரட்ணம், நேசமலர் தம்பதியரின் அன்பு மகனும், றொபினின் அன்புச் சகோதரரும் ஆவார்.

வாத்தியாரின் மனைவி இருந்த வரியை முழுதாக அழித்தான். றயனுக்கு யார் இருக்கிறார்கள்? படத்தைப் போன நத்தார்ப் பண்டிகைக்கு எடுத்த படத்திலிருந்து வெட்டி எடுத்தான். பக்கத்தில் நின்ற சீலாவின் சேலை ஒரு விரலகலம் அதில் மிஞ்சியது. எவ்வளவு வெட்டியும் அது போகவில்லை.

பத்து நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இளகி, மூச்சு லேசாக வந்தது. பிறகு சேமிக்காமல் மூடினான். அடுத்த நாளும் செய்தான். அதற்கடுத்த நாளும். பல் விளக்குவதுபோல, முகம் கழுவுவதுபோல, மாலை நாலு மணிக்குத் தம்பியை அடித்து, பார்த்து, அழித்தான்.

அந்த வெறும் பெட்டி வந்த அடுத்த நாள், அது மறுபடியும் வந்தது. இந்த முறை உள்ளே எழுத்து இருந்தது. றயனின் படம் இருந்தது. அவன் ஒருநாளும் சேமிக்காத வசனம், அவனுடைய எழுத்தில், அவனுடைய இடைவெளிகளோடு.

வயர் மேசைமேல்தான் கிடந்தது.

முதலில் வந்தது பேய்ப்பயம் அல்ல, மானப்பயம். யாரோ உள்ளே புகுந்து பார்த்திருக்கிறார்கள். மூன்று மாதமாக அவன் அடித்தது எல்லாவற்றையும் எங்கேயோ இருந்து யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள். இது சீலா நிற்கும்போது எழும்பினால்? அவள் கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு பின்னறைக்குப் போவாள், அகப்பை இல்லாமல். அதோடு எல்லாம் முடிந்துவிடும்.

தம்பியைக் கூப்பிட்டுக் காட்டவும் முடியாது. கதவைத் தாழிட்டுக்கொண்டு, றயன் போட்டுத் தந்த கிருமி தேடும் மென்பொருளை ஓடவிட்டான். வன்தட்டு உள்ளே கறகறவென்று அரைத்தது. ஒரு மணி நேரம். மழை ஓய்ந்து மறுபடியும் பிடித்தது. ஆபத்து எதுவும் இல்லை என்று பச்சை நிறத்தில் முடிவு வந்தது. அந்தப் பச்சைக்குப் பக்கத்தில், சத்தமில்லாமல், பெட்டி எழுந்தது.

இந்த முறை ஒரு வரி கூடியிருந்தது. அவன் அழித்த இடத்தில்.

சீலாவின் அன்புக் கணவரும்.

விசைப்பலகையில் அமத்தி மூடினான். மூடிய இடத்திலேயே திறந்தது. மூடினான். திறந்தது. ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் பெரிதாக வந்தது. இப்போது சகோதரர் வரியும் மாறியிருந்தது.

காலஞ்சென்ற றொபினின் அன்புச் சகோதரரும்.

அந்த ஒரு சொல்லை அவன் எத்தனை ஆயிரம் பெயருக்கு முன்னால் அடித்திருப்பான். விரல் பார்க்காமலே அடிக்கும் சொல். இப்போது அதை எழுத்தெழுத்தாக வாசித்தான். கண் தானாகவே மேலே, திகதிக்குப் போனது. இன்றைய திகதி அங்கே இல்லை.

2051.

விரல் விட்டு எண்ணினான். தன் சாவு அவனுக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை. தெரிந்தது வருடங்கள். தனக்குக் கிடைத்தது பத்தொன்பது. தம்பிக்கு அதைவிடக் கூட. இந்த வீட்டில். இந்தக் குசினியில். சீலாவுக்குத் தலை நரைப்பதை அவன் பார்ப்பான். முழங்கால் நோவுக்கு அவன் எண்ணெய் காய்ச்சிக் கொடுப்பான். ஒரு மழைநாளில் இரண்டு பேரும் ஒரு கதிரைக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரையைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் கதைக்காமல் இருப்பார்கள். அந்த மௌனத்தைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. சிரிப்பைக்கூடத் தாங்கியிருப்பான்.

குசினியில் சத்தம் நின்றிருந்தது.

ஏன் நின்றது?

காதைக் கூர்மையாக்கினான். மழை. விசிறி. கூரைப் பீலியிலிருந்து தண்ணீர் விழும் ஒலி. இரண்டு பேர் உள்ளே இருக்கும் வீட்டில் இப்படியொரு அமைதி.

அவன் மவுஸை நகர்த்தினான். அம்புக்குறியைப் பெட்டிக்குள் கொண்டுபோய், றயனின் பெயருக்கு மேல் வைத்து, அமத்தினான். பெயரின் முடிவில் ஒரு சின்னக் கோடு எழுந்து மின்னியது.

அடிக்கலாம்.

அவனுக்குத் தெரிந்த வேலை அதுதானே. பெயரின் மேல் பெயர். றயன் என்று இருந்த இடத்தில் றொபின் என்று அடித்தான். சகோதரர் வரியில் றொபின் என்று இருந்த இடத்தில் றயன். ஒன்றும் மறுக்கவில்லை. வரியை மெதுவாக, உதடு அசைய வாசித்தான்.

றொபின் கனகரட்ணம். காலஞ்சென்ற றயனின் அன்புச் சகோதரரும், சீலாவின் அன்புக் கணவரும். 2051.

சேமிக்கவா என்று கேட்டது. மூன்று மாதத்தில் ஒருநாளும் அமத்தாத விசையை அமத்தினான்.

பெட்டி மறைந்தது. திரை வெறுமையாக இருந்தது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினான். உடம்பு முழுவதும் ஒரு இளஞ்சூடு பரவியது. எல்லாம் சரி. பெயர் சரி. உறவு சரி. திகதி சரி.

படம்.

கண்ணைத் திறந்தான்.

படத்தை மாற்றவில்லை. பெயர் மட்டும்தான் மாறியது. படம் வேறு கட்டத்தில் இருப்பது. அதை வேறாக எடுத்து, வேறாக வைக்க வேண்டும். அவசரத்தில் தொடவே இல்லை. அவன் பெயருக்கு மேலே இருப்பது தம்பியின் முகம்.

பெட்டியைத் தேடினான். மூலையில் இல்லை. கோப்புகளில் இல்லை. குப்பையில் இல்லை.

"இஞ்சாருங்கோ, பிளேன்ரீ ஆறுது. வாங்கோ."

சீலா. குசினியிலிருந்து. அவள் புருசனைக் கூப்பிடும் குரல். எத்தனை நாளுக்குப் பிறகு. எழுந்திருக்கப் பார்த்தான்.

"வாறன்" என்றான்.

"வாறன்" என்றது குசினியிலிருந்து றயனின் குரல்.

அவன் சொன்னது அவனுக்கே கேட்கவில்லை.

கால் அசையவில்லை. கை அசையவில்லை. கை எங்கே என்று தெரியவில்லை. மேசை இல்லை. விசைப்பலகை இல்லை. மழைச் சத்தம் மட்டும் தூரத்தில், ஒரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெய்வதுபோல.

காலடிகள். இரண்டு பேர்.

தாழிட்ட கதவு திறந்தது.

நாற்காலி இழுபட்டது. யாரோ அதில் இருந்தார்கள். பிறகு வெளிச்சம். கண்ணை மூட முடியாத வெள்ளை வெளிச்சம். அதற்குள், நேர் எதிரே, மிகக் கிட்ட, மிகப் பெரிதாக, இரண்டு முகங்கள். தம்பியின் முகம். அதற்குப் பின்னால், அவன் தோளில் கையை வைத்துக்கொண்டு, சீலா. கையில் தேநீர்க் கோப்பை. ஆவி பறந்தது.

"பாத்தியளே றொபின், திரும்ப வந்திட்டுது" என்றாள் தம்பியிடம். "வயர் கழட்டித்தானே கிடக்கு."

"பழைய மிசின். முடிஞ்ச வேலையையும் தூக்கித் தூக்கிக் காட்டும்."

அவள் குனிந்து பார்த்தாள். நேராக அவன் கண்ணுக்குள். பத்தொன்பது வருடத்தில் அவ்வளவு நேரம் அவள் அவனைப் பார்த்ததே இல்லை. சீலா, என்றான். சீலா. சீலா. அவனைச் சுற்றி நான்கு கறுப்புக் கோடுகள். நெற்றிக்குப் பக்கத்தில் ஏதோ வெள்ளையாக, தலை கவிழ்ந்து.

"பாவம் றயன்" என்றாள். "எனக்கு அந்தப் படத்தைப் பாக்க ஏலாமல் கிடக்கு. நான் எங்கை போனாலும் கண் பின்னாலை வாற மாதிரி. மூடி விடுங்கோ."

"மூடினாலும் வரும். ஒரேயடியா மறிச்சு விடுறன்."

கீழ் ஓரத்திலிருந்து ஒரு அம்புக்குறி புறப்பட்டது. சின்னது. வெள்ளை. அது அவனுடைய மார்பைக் கடந்தது. கழுத்தைக் கடந்தது. அவசரமில்லாமல், இடது கண்ணுக்கு மேலே, கோடுகள் சந்திக்கும், பெட்டியை மூடும் அந்த மூலைக்குப் போய் நின்றது.

தம்பி தேநீரை ஒரு மிடறு குடித்தான். பிறகு சுட்டுவிரலை மவுஸின் மேல் உயர்த்தினான்.