நோயாளியிடம் சொல்லாதே

நிலவின் தென்கோடிக் குடியிருப்பில் காலைக் காப்பியோடு அவரவர் உடம்பின் செய்தியையும் கேட்பது வழக்கம். "நேற்றிரவு உங்கள் நுரையீரலில் சில புற்றணுக்கள் பிடிபட்டன. எல்லாம் ஒழிந்தன" என்று சுவரிலிருந்து ஒரு குரல் சொல்லும். கேட்டவர் காப்பிக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்பார். காற்று மண்டலமே இல்லாத ஊர்; விண்கதிர் கூரையைத் துளைத்துக்கொண்டு உடம்புக்குள் வந்துவிடும். நமக்குச் சளி பிடிப்பது போல அவர்களுக்குப் புற்று.

எல்லாப் புற்றும் அப்படி அடங்கிவிடாது. இரத்தத்தில் ரோந்து சுற்றும் காவலணுக்கள் வழியில் பார்க்கும் ஒவ்வோர் அணுவையும் தொட்டு விசாரிக்கும். சில கள்ள அணுக்கள், "நானும் இந்த வீட்டு ஆள்தான்" என்று முகமூடி மாட்டிக்கொண்டு நிற்கும். காவலணு மரியாதையாக விலகிப் போகும். பின்னால் கட்டி வளரும். முகமூடியை உரிக்க மருந்து உண்டு. ஆனால் அந்த வேகத்தில் காவலணுக்கள் நல்ல உறுப்பையும் கடித்து வைக்கலாம். அதனால் நோயாளி தன் வாயால் "சம்மதம்" என்று சொன்னால்தான் மருந்து இறங்கும்.

பூங்கோதையின் நெஞ்சை அரித்தது இந்தச் சட்டம்தான். கணவர் தணிகாசலத்தின் கல்லீரலில் அப்படியொரு கட்டி. அவர் தூங்கும்போது செய்தி இவள் காதில் விழுந்தது. காவலி என்ற அந்தச் சுவர்க்குரலிடம் கெஞ்சினாள்.

"அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதே. கேட்டதுமே பாதி உசுரு போயிடும் மனுஷனுக்கு."

"ஒருவருக்கு மட்டும் விதி போட இயலாது. வீட்டுக்கே பொதுவாகப் போடலாம். கட்டி யாருக்கோ, அவருக்குச் சொல்லமாட்டேன். துணைக்கு மட்டும் சொல்வேன்."

"அப்படியே போடு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

சொல்லவும் பயம், சொல்லாமலிருக்கவும் பயம். ஆடி முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள். நிலவுக்கு வந்தவர்கள் காற்றை மறந்தாலும் ஆடியை மறக்காமல் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பிறகு கல்யாண நாள் கழியட்டும் என்றாள். கட்டி நாள் நட்சத்திரம் பார்க்கவில்லை.

தணிகாசலமும் முன்போல இல்லை. குழம்பில் உப்பு கூடினால் தட்டைத் தள்ளுகிற மனுஷன், இப்போது பாத்திரம் கழுவினார். "சாப்பிட்டியா?" என்று நாளுக்கு நாலு தடவை கேட்டார். நோய் ஆளையே மாற்றிவிட்டதே என்று அவள் மறைவில் போய் அழுதாள்.

"இனியும் தள்ளினால் மருந்து கேட்காது" என்று ஒருநாள் காவலி எச்சரித்தது. பூங்கோதை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அவர் திகைத்துப் போய் அவளைப் பார்த்தார்.

"எனக்குமா?"

"எனக்குமான்னா?"

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார். "உனக்கு மார்புல ஒண்ணு இருக்கு. காவலி எங்கிட்டதான் சொல்லுச்சு. நீ தாங்கமாட்டேன்னு..."

பூங்கோதை கையை உதறினாள். "என் உடம்புங்க! அதை எங்கிட்டயே மறைக்க எப்படி மனசு வந்துச்சு உங்களுக்கு? பெத்த தாய் இருந்தா இப்படிப் பண்ணுவாளா?"

கோபத்தில் அவளுக்கு வேறெதுவும் நினைவில்லை. அவரும் நினைவுபடுத்தவில்லை. கட்டிக்கொண்டு அழுதார்கள். பிறகு அவர் சம்மதம் என்றார். விம்மலுக்கு நடுவே அவளும் சொன்னாள். இருவர் கையிலும் குழாய் ஏறியது.

"பொழைச்சுக்குவேனா?" என்று கேட்டாள் அவள்.

"அதை உங்கள் கணவரிடம்தான் சொல்ல முடியும்" என்றது காவலி. "விதியை நீக்கிவிடட்டுமா?"

பதில் வருமுன் திரை ஒளிர்ந்தது. பூமியிலிருந்து மகள் தேன்மொழி. "கையில என்னம்மா குழாய்? அப்பாவுக்கும் இருக்கு?"

பூங்கோதை அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணுமில்லடி. சத்து மருந்து."

"ரெண்டு பேருக்கும் கொஞ்சம் சத்துக் குறைச்சலாம்" என்றார் தணிகாசலம்.