கோட்டுக்கு மேல் தண்ணீர்

ஜன்னலில் இருந்த பாட்டிலில் தண்ணீர் கோட்டுக்கு மேல் நின்றது.

காலை ஷிப்டுக்குப் போகுமுன் இசக்கிசெல்வி நகப்பாலிஷால் போட்ட சிவப்புக் கோடு அது. எண்ணூறு மில்லி. புருஷனுக்கு ஒரு நாளைக்கு அவ்வளவுதான்.

"இதுக்கு மேல ஒரு மடக்கு குடிச்சியன்னா வலிப்பு வந்துரும். மறுபடி ஐசியூ வாசல்ல என்னால நிக்க முடியாது, பாத்துக்கிடுங்க."

கொம்பையா அதில் பாதியைக் குடித்திருந்தான். நன்றாக நினைவிருக்கிறது.

ஏதோ ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கிறதாம். உடம்பு தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துவைத்து, ரத்தத்திலுள்ள உப்பை நீர்த்துப்போகச் செய்கிறதாம். மீசை முளைக்காத ஒரு டாக்டர் சொன்னான். தண்ணீர் குடித்துச் சாகிறவன் உலகத்தில் உண்டா? கம்பெனி லைனில் தலைசுற்றுகிறது என்று உட்காரும் பையன்களை ஒரு பார்வையில் எழுப்பிவிடுகிற சூப்பர்வைசருக்கு, ஒரு பாட்டிலும் கோடும். த்தூ.

ஹவுஸ் ஓனர் தாயாரம்மாள்தான் ஊற்றியிருப்பாள். அவள் மூக்கை நுழைக்காத இடமில்லை.

ஒரகடம் ரோட்டில் ஜல்லி லாரிகள் உறுமிக்கொண்டிருக்க, தகரக் கூரையின் வெக்கையும் பாசி பிடித்த குழாயடியின் வாடையும், எங்கோ யாரோ மடக் மடக்கென்று குடிக்கும் சத்தமும் சேர்ந்து பின்மண்டையில் இடிக்க, சுவரைப் பிடித்தபடி அவளுடைய எஸ்.டி.டி. பூத்வரை நடந்தான்.

"என் பாட்டில்ல ஏன் தண்ணி ஊத்துனிய?"

"நான் இன்னாத்துக்குப்பா ஊத்தறேன்? நீதான் காலைலேர்ந்து கொழாயாண்ட நின்னுகினு சொம்பு சொம்பா குடிச்ச. இன்னாபா இதுன்னு கேட்டா மொறைச்ச. சரி, வெயிலுக்கு நல்லதுதான்னு வுட்டுட்டேன்."

"பொய் சொல்லாதிய."

"சட்டையப் பாரு."

நெஞ்சிலிருந்து இடுப்புவரை ஈரம்.

பொய்க்காரி. அவளே ஊற்றியிருப்பாள். அறைக்குத் திரும்பித் தாழ்ப்பாள் போட்டான். விரலில் மோதிரம் இறுகியது.

மடக். மடக்.

உள்ளேதான்.

பாட்டில் ஜன்னலில் இல்லை. கட்டிலடியிலும் இல்லை.

மூலையில் ஒருவன் நின்றிருந்தான். கம்பெனியின் நீலச்சட்டை. அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தான். தண்ணீர் கோட்டுக்கு மேலேயே நின்றது. குறையவில்லை.

நிறுத்துல என்று கொம்பையா கத்தப் பார்த்தான். வாய் திறக்கவில்லை. பல் கிட்டியிருந்தது.

மடக்.

கொம்பையாவின் வயிறு உப்பியது.

மடக்.

சட்டைப் பொத்தான் தெறித்தது.

மூலையில் நின்றவன் பாட்டிலைத் தாழ்த்தினான். கொம்பையாவின் முகம். லைனில் உட்கார்ந்துவிட்ட பையனைப் பார்க்கிற அதே பார்வை. உதட்டோரம் அதே இளக்காரம்.

மறுபடி அண்ணாந்தான்.