மிச்சத் தண்ணீர்

கழிப்பறைத் தொட்டிக்கு அடியில் இருந்த சின்ன வால்வை அவள் திருகத் திருக, காலையிலிருந்து ‘ஸ்ஸ்’ என்று ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீர்ச் சத்தம் மெலிந்தது. அதோடு சேர்ந்து, ஹாலில் ஸ்கிப்பிங் ஆடிக்கொண்டிருந்த மகளின் குரலும் மெலிந்துகொண்டே போனது.

“பதினாலு... பதினஞ்சு...”

வால்வின் கடைசிச் சுற்று. தண்ணீர் நின்றது. கயிறு தரையில் படும் சத்தமும் நின்றது.

“குட்டி?”

துரு மணக்கும் விரல்களைத் துடைத்தபடி எட்டிப் பார்த்தாள். ஜன்னல் வெயில் சதுரமாக விழுந்திருந்த தரைக்கு ஒரு சாண் மேலே மகள் நின்றிருந்தாள். தலைக்கு மேல் கயிறு வளைந்து நின்றது. வாய் திறந்திருந்தது. இமை அசையவில்லை.

ஓடிப்போய் வால்வைத் திறந்தாள். ‘ஸ்ஸ்...’

பட்! “பதினாறு! அம்மா, ஏன் இப்படி ஓடுற? எண்ணிக்கை தப்பிடும்ல!”

செல்போன் அடித்தது. பிளம்பர்.

“அக்கா, நான் சொன்ன மாதிரி வால்வை மூடிட்டீங்களா?”

“வேண்டாம்! ரிப்பேரே வேண்டாம். நீங்க வராதீங்க.”

சிரித்தான். “திருக வரலையா? பழைய வால்வு அப்படித்தான் அடம்பிடிக்கும். நான் அதை நம்புறதே இல்லக்கா. மொட்டை மாடியிலதான் இருக்கேன். மெயின் வால்வையே மூடிட்டு வர்றேன்.”

“ஐயோ, தொடாதீங்க! என் பொண்ணு...”

இணைப்பு அறுந்திருந்தது.

வாசல் கதவைத் திறந்தாள். மாடிப்படியில் கால் வைக்கும் முன்...

“பதினே...”

திரும்பினாள். மகள் காற்றில்.

பாய்ந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு கீழே இழுத்தாள். அசையவில்லை. கன்னம் தொட்டுப் பார்த்தாள். சூடு இருந்தது. இன்னும் இருந்தது. மாடிக்கு ஓட வேண்டும். காலை எடுத்தாள்.

கால் வரவில்லை. மகளைத் தொட்ட கையும் பிரியவில்லை.

படிகளில் செருப்புச் சத்தம். பிளம்பர் திறந்த கதவு வழியாக, மகளைக் கொஞ்சும் தாயின் முதுகைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நேராகக் கழிப்பறைக்குள் போனான்.

“மெயின் மூடியாச்சுக்கா. தொட்டியில மிச்சம் கொஞ்சம் இருக்கு. அதையும் காலி பண்ணிட்டுதான் நான் ஸ்பானரையே எடுப்பேன்.”

கத்தினாள். குரல் இல்லை. நாக்கு இல்லை. கண் மட்டும்.

ஃப்ளஷ்.

மகளின் நெற்றியிலிருந்து நிறம் இறங்கியது. ஒரே மட்டமாக. புருவம். மூக்கு. திறந்த வாய். கழுத்து.

கயிறு மட்டும் தலைக்கு மேல், அடுத்த குதிப்புக்குத் தயாராக.